சிங்கப்பூரில் உட்கார்ந்து நாலு நாட்டோடு வேலை: ஸ்லாக், காலண்டர், டீம்ஸில் நேர மண்டலத்தைச் சரியாக அமைப்பது எப்படி

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஊரில் இருக்கும் பாட்டிக்குப் போன் போட்டே பழகியிருக்கும். அப்படியும் அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஆளில்லாத மீட்டிங்கில் தனியாகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறார், இன்னொருவர் அதே மீட்டிங்குக்கு இரண்டரை மணி நேரம் கழித்து வந்து "எல்லாரும் எங்கே?" என்று கேட்கிறார். கணக்குத் தெரியாமல் இது நடப்பதில்லை. நாம் மனக்கணக்குப் போட்டு நேரத்தை மாற்றி எழுதுகிறோம், செயலியும் தன் பங்குக்கு ஒரு தடவை மாற்றுகிறது, ஆக ஒரே நேரம் இரண்டு தடவை மாறிப்போகிறது.

ஸ்லாக், கூகுள் காலண்டர், அவுட்லுக், டீம்ஸ், ஸூம் எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் மாலை 5 மணி என்று போட்டதும், உங்கள் ஊர் எது என்று பார்த்து அதை யூடிசி என்ற பொது நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது, பார்ப்பவரின் ஊருக்கு ஏற்றபடி திரும்ப மாற்றிக் காட்டுகிறது. அதனால் உங்கள் வேலை ஊரைச் சரியாகச் சொல்வது மட்டும். கூட்டல் கழித்தலை அதனிடம் விட்டுவிடுங்கள். ஒரே சிக்கல், அந்த ஊரை நாலு இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது: கணினி அல்லது கைபேசி, செயலியில் உங்கள் கணக்கு, காலண்டர், அப்புறம் அந்தக் குறிப்பிட்ட மீட்டிங். இந்த நாலில் ஒன்று மற்றதோடு ஒத்துப்போகாவிட்டால் குழப்பம்தான். வரிசையாகப் பார்ப்போம்.

கணினியும் கைபேசியும்

இதை யாரும் சரிபார்ப்பதில்லை, ஆனால் பாதித் தகராறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'டேட் அண்ட் டைம்'. மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஜெனரல்', அதற்குள் 'டேட் அண்ட் டைம்'. ஐபோனிலும் அதே 'ஜெனரல்' வழிதான், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் 'சிஸ்டம்' என்பதற்குள் இருக்கும். நேரம், நேர மண்டலம் இரண்டையும் தானாக அமைத்துக்கொள்ளும்படி விடுவதுதான் பொதுவாக நல்லது.

தானாக எடுக்காத கணினியில் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் பட்டியலில் யூடிசி +8 என்று, அதாவது பொது நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னால் என்று, நிறைய வரிகள் இருக்கும். பெர்த், பெய்ஜிங், ஹாங்காங் எல்லாம் வரும். 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்ற வரியைத்தான் எடுக்க வேண்டும். எல்லாம் +8 தானே, எதை எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் பின்னால் அந்த ஊரின் பழைய, புதிய விதிகள் மொத்தமும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன, நாளைக்கு ஒரு நாட்டு அரசு நேரத்தை மாற்றினால் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எல்லாம் மாறும். அரசு எங்கே நேரத்தை மாற்றப்போகிறது என்று சிரிக்க வேண்டாம், சிங்கப்பூரே 1981 கடைசி வரை யூடிசி +7:30-இல்தான் இருந்தது. மலேசியா தன் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வைக்கப்போவதாகச் சொன்னதும் நாமும் கூடவே போனோம், 1981 டிசம்பர் 31 இரவு 11:30-க்கே புத்தாண்டு பிறந்துவிட்டது. இலங்கை இன்னும் மோசம், 1996-இல் ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றி, 2006-இல்தான் இந்தியாவோடு சேர்ந்து பழையபடி +5:30-க்கு வந்தது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் சக ஊழியர், இந்தியாவும் அதே நேரம்தானே என்று விட்டுவிடாமல் தன் நாட்டு வரியையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஊரிலிருந்து மடிக்கணினியோடு வேலைக்கு வந்தவர்களிடம் ஒரு பழக்கம் பார்த்திருக்கிறேன். நேர மண்டலத்தை 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி' என்றே விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கையால் இரண்டரை மணி நேரம் தள்ளி வைத்துவிடுவார்கள். மூலையில் தெரியும் மணி சரியாக இருக்கும், அதனால் சந்தேகமே வராது. ஆனால் கணினியைப் பொறுத்தவரை உலக நேரமே இரண்டரை மணி நேரம் தப்பு. அவர்கள் போடும் மீட்டிங் மற்றவர்களுக்கு வேறு நேரத்தில் தெரியும், அந்தக் கணினியிலேயே ஆறு இலக்கப் பாதுகாப்புக் குறியீட்டை உருவாக்கிக் கொடுக்கும் செயலி இருந்தால் அதன் குறியீடுகள் செல்லாமல் போகும், சில இணையதளங்கள் சான்றிதழ் பிழை என்று திறக்க மறுக்கவும் கூடும். ஒருவர் நாள் முழுக்கக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் பார்த்தால் இதுதான். கடிகாரத்தைத் தொடவே தொடாதீர்கள். ஊரை மாற்றினால் கடிகாரம் தானாக வரும்.

ஐபோன் காலண்டரில் 'டைம் ஸோன் ஓவர்ரைடு' என்று ஒன்று உண்டு, அதை எப்போதோ போட்டுவிட்டு மறந்திருந்தால் கைபேசி எந்த ஊரில் இருந்தாலும் காலண்டர் பழைய ஊரையே பிடித்துக்கொண்டிருக்கும். தேவையில்லாதவர்கள் அணைத்துவிடலாம்.

ஸ்லாக்

கணினிச் செயலியில் உங்கள் படத்தைச் சொடுக்கி 'பிரிஃபரன்சஸ்', அதில் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்'. அங்கே தானாக அமைக்கும் பெட்டி ஒன்றும், கீழே ஊர்ப் பட்டியலும் இருக்கும். ஒரே கணினியில் ஒழுங்காக வேலை செய்பவர் தானாக என்பதையே விடலாம். அலுவலகக் கணினி ஒன்று, தொலைவிலிருந்து நுழையும் கணினி ஒன்று என்று இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள் கையாலேயே சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், ஏனென்றால் எங்கோ இருக்கும் ஒரு சர்வரின் நேரம் உங்கள் நேரமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

இந்த அமைப்பு எதையெல்லாம் மாற்றுகிறது என்று தெரிந்தால்தான் அக்கறை வரும். உங்கள் பெயரைச் சொடுக்குபவருக்குத் தெரியும் 'உள்ளூர் நேரம்' இதிலிருந்துதான் வருகிறது. நினைவூட்டல்களும், நேரம் குறித்து அனுப்பும் செய்திகளும், இரவில் சத்தம் வராமல் அடக்கி வைக்கும் அட்டவணையும் இதை வைத்துத்தான் ஓடுகின்றன. சேனல் முழுவதற்கும் ஒருவர் நினைவூட்டல் போட்டால் அது போட்டவரின் ஊர் நேரப்படி வரும். நீங்கள் காலை 9 மணிக்கு 'இன்றைய வேலையை எழுதுங்கள்' என்று போட்டுவைத்தால் சென்னைக்காரருக்கு அது காலை 6:30-க்கு டிங் என்று அடிக்கும். பாவம், அவர் இன்னும் காப்பிகூடக் குடித்திருக்க மாட்டார். நண்பகல் 12 மணிக்குப் போடுங்கள், அங்கே 9:30 ஆகியிருக்கும்.

அடங்கியிருக்கும் நேரத்தை 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதியில் அமைக்கலாம். இதைக் கட்டாயம் அமைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குழுவுடன் வேலை செய்பவர் இதை அமைக்காமல் தூங்கப்போனால் அவர்களுடைய முழு வேலைநாளும் தலையணைக்குக் கீழே நடக்கும்.

ஒரு விஷயம் ஸ்லாக்கால் முடியாது: நீங்கள் செய்தியில் கையால் தட்டிய நேரத்தை அது மாற்றிக் காட்டாது. 'நாளைக்கு 6 மணிக்குப் பேசலாம்' என்று எழுதினால் நாலு ஊரில் நாலு விதமாகப் படிப்பார்கள். எழுதுவதென்றால் ஊரோடு எழுதுங்கள்: 'வியாழன் மாலை 6 சிங்கப்பூர், பிற்பகல் 3:30 சென்னை'. அதைவிட நல்லது, காலண்டரில் மீட்டிங்கைப் போட்டு அந்த இணைப்பைச் செய்தியில் ஒட்டுவது. மீட்டிங் தலைப்பிலேயே 'மாலை 5 மணி' என்று எழுதும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், பிறகு நேரம் மாறினால் தலைப்பு மாறாது, எதை நம்புவது என்று ஆளாளுக்குக் கேட்பார்கள்.

கூகுள் காலண்டர்

பற்சக்கரத்தைச் சொடுக்கி 'செட்டிங்ஸ்', அதில் 'ஜெனரல்', அதில் 'டைம் ஸோன்'. முதன்மையாக சிங்கப்பூர். பக்கத்திலேயே இரண்டாவது நேர மண்டலத்தைக் காட்டும் பெட்டி இருக்கும், அதைத் தட்டி இந்தியாவைச் சேருங்கள். பட்டியலில் சென்னை என்று தேடினால் கிடைக்காமல் போகலாம், கொல்கத்தா என்று தேடுங்கள். உலகத்தில் பெரும்பாலான கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான் பிரதிநிதி. ஒவ்வொரு நேரத்துக்கும் நீங்களே ஒரு சின்னப் பெயர் கொடுக்கலாம், நான் 'சிங்கை', 'சென்னை' என்று வைத்திருக்கிறேன். காலண்டரின் இடது ஓரத்தில் இரண்டு நேரமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இந்த ஒரு அமைப்பு போதும், மனக்கணக்குப் போடும் அவசியமே போய்விடும். இரண்டுக்கு மேல் ஊர் இருந்தால் அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே 'வேர்ல்டு கிளாக்' இருக்கிறது.

'இருக்கும் இடத்துக்கு ஏற்ப முதன்மை நேரத்தை மாற்றட்டுமா என்று கேள்' என்ற பெட்டியை இயக்கத்திலேயே விடலாம். கேட்டுவிட்டுத்தான் மாற்றும், தானாக எதுவும் செய்யாது. ஆனால் அவசரத்தில் 'சரி' என்று தட்டிவிடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று, ஒவ்வொரு காலண்டருக்கும் தனியாக ஒரு நேர மண்டலம் உண்டு. இடது பக்கப் பட்டியலில் அந்தக் காலண்டரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளி வழியாக அதன் அமைப்புக்குள் போனால் தெரியும். குழுவுக்கென்று சென்னையில் யாரோ உருவாக்கிப் பகிர்ந்த காலண்டர் இந்திய நேரத்தில் இருக்கும். நிர்வாகியிடம் சொல்லி, குழுவில் பெரும்பாலோர் எந்த ஊரோ அந்த ஊருக்கு மாற்றச் சொல்லுங்கள். கைபேசிச் செயலியில் 'சாதனத்தின் நேர மண்டலத்தைப் பயன்படுத்து' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அது அணைந்திருந்தால் கைபேசியும் கணினியும் வேறு வேறு நேரத்தைக் காட்டும்.

அப்புறம் மீட்டிங் அளவில். புதிய நிகழ்வைத் திறந்தால் நேரத்துக்குப் பக்கத்தில் 'டைம் ஸோன்' என்று சின்னதாக ஒரு இணைப்பு இருக்கும். லண்டன் வாடிக்கையாளர் 'எங்கள் நேரம் காலை 10' என்று சொன்னால், அதைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிப் போடவே வேண்டாம். அந்த இணைப்பைத் தட்டி லண்டனைத் தேர்ந்தெடுத்து 10 என்று அப்படியே போடுங்கள். உங்களுக்கு அது உங்கள் நேரத்தில் தெரியும். தொடக்கத்துக்கு ஒரு ஊர், முடிவுக்கு இன்னொரு ஊர் என்றும் வைக்கலாம், விமானப் பயணத்துக்கு இது அருமையாக உதவும். சாங்கியில் இரவு 8 மணிக்குக் கிளம்பி சென்னையில் 9:30-க்கு இறங்குகிறீர்கள் என்றால், இரண்டையும் சிங்கப்பூர் நேரமாகப் போட்டால் ஒன்றரை மணி நேரப் பயணமாகக் காட்டி, மீதி இரண்டரை மணி நேரம் நீங்கள் ஓய்வாக இருப்பதாக நினைத்து ஒருவர் மீட்டிங்கைச் செருகிவிடுவார். நடுவானில் யாரிடம் பேசுவது?

அலுவலகக் கணக்காக இருந்தால் வேலை நேரத்தையும் அதே செட்டிங்ஸில் போட்டுவிடுங்கள், அந்த நேரத்துக்கு வெளியே அழைப்பவருக்கு எச்சரிக்கை வரும். சென்னையோடு பேச உகந்த நேரம் எது என்று கேட்டால், என் தேர்வு சிங்கப்பூர் பிற்பகல் 2 முதல் 3:30 வரை. அங்கே காலை 11:30 முதல் மதியம் 1 வரை, காலை அவசரமெல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால். நமக்கு 12 மணி வசதியாகத் தோன்றும், ஆனால் இங்கே எல்லோரும் உணவங்காடியில் வரிசையில் நிற்கும் நேரம் அது. லண்டனும் சேர வேண்டுமானால் மாலை 4-க்கு முன்னால் போகவே முடியாது.

இடையில் ஒன்று. சென்னை வாடிக்கையாளர் 'வெள்ளி ராகு காலத்தில் வெளியீடு வேண்டாம்' என்றால் எந்த ஊர் ராகு காலம் என்று கேட்டுவிடுங்கள். ஊரில் வெள்ளிக்கு 10:30 முதல் 12, அது காலை 6 மணிச் சூரிய உதயத்தை வைத்துப் போட்டது, இங்கே கடிகாரத்தில் 1 முதல் 2:30. சிங்கப்பூரில் சூரியனே ஏறக்குறைய 7 மணிக்குத்தான் உதிக்கிறது என்பதால், இந்த ஊர்க் கணக்கில் போட்டால் 11:30 முதல் 1 வரை வரும். இதற்கு எந்தச் செயலியிலும் அமைப்பு இல்லை.

வாராவாரம் வரும் மீட்டிங்கை யார் போடுவது

தலைவலி மொத்தமும் இங்கேதான் இருக்கிறது, நின்று நிதானமாகப் படியுங்கள். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை, மலேசியா நான்கிலும் வருடம் முழுக்க ஒரே நேரம்தான். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, பிறகு திரும்ப இழுப்பார்கள். லண்டனுக்கும் நமக்கும் கோடையில் 7 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 8. நியூயார்க் கோடையில் 12, குளிர்காலத்தில் 13. சிட்னி நம்மைவிட முன்னால், அவர்கள் கோடையில் 3, மற்ற சமயம் 2. பிரிஸ்பேனில் இந்த மாற்றமே கிடையாது, எப்போதும் 2 மணி நேரம்தான், அதனால் 'ஆஸ்திரேலியா நேரம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஜனவரியில் லண்டனோடு ஒரு வாராந்திர மீட்டிங் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். லண்டன் காலை 9, சிங்கப்பூர் மாலை 5, சென்னை பிற்பகல் 2:30. இதை லண்டன்காரர் தன் காலண்டரில் போட்டிருந்தால், மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு அவருக்கு அதே காலை 9, உங்களுக்கு மாலை 4, சென்னைக்கு 1:30. நீங்கள் போட்டிருந்தால் உங்களுக்கு அதே மாலை 5, அவருக்குக் காலை 10. போட்டவரின் நேரம் நகராது, மற்றவர்களுடையதுதான் நகரும். யார் நகர வேண்டும் என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துவிட்டு, அந்த ஊரின் நேர மண்டலத்தில் போடுங்கள். என் கருத்து: பாதிக்கு மேல் ஆட்கள் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் இருந்தால் சிங்கப்பூர் நேரத்தில் போடுவதுதான் நியாயம், நம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரம் வருடத்துக்கு இரண்டு தடவை ஏன் மாற வேண்டும்? வாடிக்கையாளர் லண்டனில் இருந்தால் வேறு வழியில்லை, லண்டன் நேரம்தான்.

மூன்று ஊர் சேர்ந்தால் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றுவார்கள், இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு. 2026-இல் அது மார்ச் 8, மார்ச் 29. இடையில் மூன்று வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையிலான வித்தியாசமே வழக்கமான 5-க்குப் பதில் 4. திரும்பும்போது இங்கிலாந்து அக்டோபர் 25, அமெரிக்கா நவம்பர் 1, அந்த ஒரு வாரமும் அப்படித்தான். சிட்னியில் ஏப்ரல் 5-லும் அக்டோபர் 4-லும். ஆக மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாராந்திர மீட்டிங்குகளைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. குழுக் காலண்டரில் இந்தத் தேதிகளையே நாள் முழுக்க நிகழ்வாகப் போட்டு வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொடரை மாற்ற, அதில் ஒன்றைத் திறந்து நேர மண்டலத்தை மாற்றிச் சேமியுங்கள், 'இதுவும் இனி வருவதும்' என்று கேட்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் மாற்று என்றால் நடந்து முடிந்த பழைய மீட்டிங்குகளும் நகர்ந்துவிடும். அவுட்லுக்கில் மீட்டிங்கை அமைத்தவரை நாமாக மாற்ற முடியாது. அவர் வேலையை விட்டுப் போவதற்கு முன்பே தொடரை ரத்து செய்யச் சொல்லி, நீங்கள் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

அவுட்லுக், டீம்ஸ், ஸூம்

பழைய அவுட்லுக்கில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'காலண்டர்' என்று போய்க் கீழே இறங்கினால் 'டைம் ஸோன்ஸ்' பகுதி. மூன்று ஊர் வரை காட்டலாம், கூகுளைவிட இதில் ஒன்று கூடுதல். புதிய அவுட்லுக்கிலும் இணையப் பதிப்பிலும் 'செட்டிங்ஸ்', 'காலண்டர்', 'வியூ' என்ற வழி. பழைய அவுட்லுக்கில் மீட்டிங் எழுதும் சாளரத்தின் மேலே 'டைம் ஸோன்ஸ்' பொத்தானை அழுத்தினால்தான் ஊர் தேர்வு தெரியும், இல்லாவிட்டால் மறைந்தே இருக்கும்.

டீம்ஸில் நேர மண்டலத்துக்கென்று தனி அமைப்பைத் தேடி அலையாதீர்கள். அது கணினியின் நேரத்தையும் அவுட்லுக் அமைப்பையும் வைத்தே ஓடுகிறது, அந்த இரண்டும் சரியாக இருந்தால் டீம்ஸும் சரியாக இருக்கும்.

ஸூமில் இணையதளத்துக்குள் நுழைந்து உங்கள் சுயவிவரப் பக்கத்தில் ஒரு தடவை சிங்கப்பூர் என்று மாற்றிவிடுங்கள். மீட்டிங் போடும்போதும் ஒரு தடவை கேட்கும், அதையும் பாருங்கள்.

சுருக்கெழுத்துகளை நம்பாதீர்கள்

ஐஎஸ்டி என்று எழுதினால் நமக்கு இந்திய நேரம். இஸ்ரேல்காரருக்கு இஸ்ரேல் நேரம், அயர்லாந்துக்காரருக்கு அயர்லாந்து நேரம். சிஎஸ்டி என்றால் சீனாவும் ஆகும், அமெரிக்காவின் மத்திய மாநிலங்களும் ஆகும். சிங்கப்பூருக்கு எஸ்எஸ்டி என்று சிலர் எழுதுகிறார்கள், பல பட்டியல்களில் அது சமோவா நேரம், எஸ்ஜிடி என்பதே பரவலாகப் புழங்குவது. லண்டன்காரர்கள் கோடையிலும் பழக்கத்தில் ஜிஎம்டி (அவர்களுடைய குளிர்கால நேரம், யூடிசியும் அதுவும் ஒன்றே) என்றே எழுதுவார்கள், ஆனால் அப்போது அவர்கள் ஜிஎம்டியில் இல்லை, ஒரு மணி நேரம் முன்னால் இருப்பார்கள். இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் 'லண்டன் கடிகாரத்தில் எத்தனை மணி?' என்று திருப்பிக் கேட்பதில் ஒன்றும் கூச்சம் வேண்டாம்.

ஊர்ப் பெயருக்குப் பதில் வெறும் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் ஆசையும் வேண்டாம். லண்டனுக்கு '+0' என்று எடுத்தால் கோடையில் தவறிவிடும். இன்னொரு பொறி, சில மென்பொருள்களின் பட்டியலில் 'ஈடிசி/ஜிஎம்டி-8' என்று ஒரு பெயர் வரும், கழித்தல் குறி போட்டிருந்தாலும் அது யூடிசி +8-ஐத்தான் குறிக்கிறது. பழைய யூனிக்ஸ் மரபில் குறி தலைகீழ். ப்ளஸ் எட்டு என்று நினைத்து 'ஜிஎம்டி+8'-ஐ எடுத்தால் பசிபிக் கரைக்குப் போய்விடுவீர்கள், பதினாறு மணி நேரம் பின்னால்.

கெடு நாளும் தேதியும்

'வெள்ளி இரவு 12 மணிக்குள்' என்று எழுதினால் வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் 12-ஆ, வெள்ளி முடியும் 12-ஆ? 'வெள்ளி இரவு 11:59, சிங்கப்பூர்' என்று எழுதுங்கள். சான்ஃபிரான்சிஸ்கோக்காரர் 'வெள்ளி மாலைக்குள் தருகிறேன்' என்றால் நமக்கு அது சனிக்கிழமை காலை. 05/03 என்பதை அமெரிக்கர் மே 3 என்று படிப்பார், மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது.

பகிர்ந்த கூகுள் ஷீட்டில் ஒரு விசித்திரம் பார்த்திருப்பீர்கள், திங்கள் காலை 10 மணிக்குத் திறந்தால் இன்றைய தேதி என்று ஞாயிற்றுக்கிழமையைக் காட்டும். ஷீட்டை உருவாக்கியவர் கலிஃபோர்னியாவில் இருந்திருப்பார், அங்கே இன்னும் ஞாயிறு மாலைதான். ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனி நேர மண்டலம் உண்டு. 'ஃபைல்', 'செட்டிங்ஸ்' போய் மாற்றலாம், ஆனால் அது எல்லோருக்கும் மாறும், கேட்டுவிட்டு மாற்றுங்கள். வருகைப் பதிவையோ கெடு நாட்களையோ இன்றைய தேதியோடு ஒப்பிடும் ஷீட் என்றால், முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போய் அங்கிருந்தே சில நாள் வேலை பார்ப்பது இப்போது சகஜம். விமானம் இறங்கியதும் கைபேசி இந்திய நேரத்துக்குப் போய்விடும். காலண்டரில் எல்லாம் இரண்டரை மணி நேரம் முன்னால் வந்ததாகத் தெரியும், பதறாதீர்கள், மீட்டிங் நகரவில்லை. உலக அளவில் அதே நொடிதான். அங்கே உட்கார்ந்து உங்கள் கையால் நேரத்தைத் 'திருத்தினால்' மட்டும்தான் எல்லோருக்கும் நகரும்.

விடுப்பு மட்டும் என்றால் முதன்மை நேரத்தைச் சிங்கப்பூரிலேயே விடுங்கள். வேலையும் பார்ப்பீர்கள் என்றால் மாற்றுவது நல்லது, ஸ்லாக்கில் உங்கள் உள்ளூர் நேரம் தெரியும், சிங்கப்பூர்க்காரர் காலை 8 மணிக்கு அழைத்து உங்களை 5:30-க்கு எழுப்ப மாட்டார். ஆனால் அடங்கியிருக்கும் நேரமும் கூடவே மாறும். இரவு 10 முதல் காலை 8 வரை என்று வைத்திருந்தால், சென்னைக் காலை 8 வரை, அதாவது சிங்கப்பூரில் 10:30 வரை உங்களுக்குச் சத்தம் வராது. மேலாளருக்கு முதல் நாளே ஒரு வரி எழுதிவிடுங்கள். தினசரி மாத்திரை, உடற்பயிற்சி மாதிரி சொந்த நினைவூட்டல்கள் காலண்டரில் இருந்தால் அவையும் இரண்டரை மணி நேரம் முன்னால் அடிக்கும், அவற்றைக் கைபேசியின் அலாரத்தில் வைப்பதே சரி.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு சோதனை

நாளை மாலை 4 மணிக்குச் சோதனை மீட்டிங் ஒன்று போட்டு, வேறு ஊரில் இருக்கும் ஒருவரை மட்டும் அழையுங்கள். 'உங்கள் திரையில் எத்தனை மணி?' என்று கேளுங்கள், கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டாம், தெரிவதை அப்படியே படிக்கச் சொல்லுங்கள். சென்னை என்றால் 1:30 வர வேண்டும். கைபேசியிலும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

வரவில்லையா? எவ்வளவு தப்பு என்பதே எங்கே தப்பு என்று காட்டிக்கொடுக்கும். சரியாக இரண்டரை மணி நேரம் என்றால் யாரோ ஒருவரின் கணினியோ கணக்கோ இன்னும் சென்னையில் இருக்கிறது, அல்லது கடிகாரத்தைக் கையால் தள்ளி வைத்திருக்கிறார். ஐந்து மணி நேரம் என்றால் செயலியிடம் விடாமல் மனக்கணக்குப் போட்டு, இரண்டரையைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறீர்கள், அல்லது கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள். அரை மணி நேரம் என்றால் இரண்டரையை யாரோ இரண்டாகவோ மூன்றாகவோ வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார், குழுவில் காட்மாண்டுக்காரர் இருந்தால் கால் மணி நேரமும் பிசகும், நேபாளம் +5:45. ஒரு மணி நேரம் என்றால் கோடைகால மாற்றம், அல்லது ஊருக்குப் பதில் எண்ணைத் தேர்ந்தெடுத்தது. பன்னிரண்டு என்றால் காலை மாலை மாறிப்போனது. எட்டு மணி நேரம் என்றால் ஏதோ ஒரு தானியங்கி நேரடியாக யூடிசியைக் கக்குகிறது, சர்வர் அறிக்கைகளை ஸ்லாக்கில் கொண்டுவந்து கொட்டும் பாட்கள் இதைத்தான் செய்கின்றன, அதை அமைத்த ஆளைப் பிடித்து ஊரைப் போடச் சொல்லுங்கள். நேரம் சரியாக இருந்து தேதி மட்டும் ஒரு நாள் தள்ளியிருந்தால், நாள் முழுக்க நிகழ்வு ஒன்று வேறொரு ஊரின் நள்ளிரவிலிருந்து கணக்கிடப்பட்டிருக்கிறது. அதை அழித்துவிட்டு, தொடக்க நேரம் போட்ட நிகழ்வாகத் திரும்பப் போடுங்கள்.